ஐயாயிரம் கிராஃப்டும் ஒரு பெரிய வழுக்கையும்: எங்கே நடுவது, எங்கே விடுவது

முடி நடுவதற்காக ஒரே தலையை மூன்று இடங்களில் காட்டினேன். முதல் இடத்தில் 6,500 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து), இரண்டே நாள், தலை முழுக்க முடி என்றார்கள். சொன்னவர் மருத்துவர் அல்ல, கோட்டு போட்ட ஒரு 'கவுன்சிலர்'. என் பின்தலையை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தில் 4,500 என்றார்கள், அதில் 1,500 தாடியிலிருந்து. மூன்றாவது இடத்தில் ஒரு தோல் மருத்துவர் என்னைத் திருப்பி உட்காரவைத்து, சின்னக் கேமரா ஒன்றைப் பின்தலையில் நாலைந்து இடங்களில் வைத்து எண்ணினார். "உங்ககிட்ட மொத்தமா ஒரு ஐயாயிரம் எடுக்கலாம் சார், வாழ்நாளுக்கே அவ்வளவுதான். இப்போ 2,800 முன்பக்கத்துக்கு வைக்கலாம். உச்சியை விட்டுடுவோம்" என்றார்.

முதல் இரண்டு இடங்களில் நம்பிக்கையோடு வெளியே வந்தேன். மூன்றாவது இடத்திலிருந்து கணக்கோடு வந்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

எனக்கு வயது 48. வழுக்கை ஆறாம் கட்டம். 1951-இல் ஹாமில்டன் வகுத்து, 1975-இல் நார்வுட் திருத்திய அளவுகோலில் மொத்தம் ஏழு கட்டங்கள். ஐந்தாம் கட்டம் வரை முன்வழுக்கைக்கும் உச்சிச் சொட்டைக்கும் நடுவே மெல்லிய பாலம் போல முடி இருக்கும். ஆறில் அந்தப் பாலம் போய்விடும். ஏழில் காதுக்கு மேலும் பிடரியிலும் லாடம் மாதிரி ஒரு பட்டை மட்டும் மிஞ்சும். (நம் பாட்டன்மார் முன்தலையை மழித்துக் குடுமி வைத்த காலத்தில் நாலாம் கட்டம் வரை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். பொறாமையாக இருக்கிறது.)

முடி நடும் சிகிச்சை எல்லாமே ஒரே உண்மையின் மேல் நிற்கிறது. பின்தலை முடியை எங்கே கொண்டு நட்டாலும் அது பின்தலை முடியாகவே நடந்துகொள்ளும், உதிராது. நியூயார்க் தோல் மருத்துவர் ஓரன்ட்ரைக் 1959-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆனால் இதில் புது முடி உண்டாவதில்லை. பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். முன்வழுக்கை மட்டும் உள்ளவருக்கு இது பெரிய விஷயமில்லை. தேவை கொஞ்சம், கையிருப்பு நிறைய. ஆறு, ஏழாம் கட்டக்காரர்களுக்கு அப்படியே தலைகீழ். வழுக்கை ஏற ஏறத் தேவை கூடுகிறது, டோனர் ஏரியா என்று சொல்லும் பின்தலைப் பட்டையோ சுருங்குகிறது.

என் வழுக்கையை மார்க்கரால் வரைந்து அளந்தபோது ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் வந்தது. ஒரு ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கு. வழுக்கை இல்லாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70, 80 முடிக்கொத்துகள் இருக்கும். கொத்துக்கு ஒன்று முதல் நான்கு முடி, சராசரியாக இரண்டு. இந்தக் கொத்தைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். பழைய அடர்த்தி திரும்ப வேண்டுமென்றால் எனக்குப் பதினைந்தாயிரம் கிராஃப்ட் வேண்டும். நல்லவேளை, பாதி முடி போகும்வரை கண்ணுக்கு மெலிவு தெரியாது. அதனால் பாதி போதும், அதாவது ஏழாயிரத்து ஐந்நூறு. அதுவும் என்னிடம் இல்லை.

இருக்கும் ஐயாயிரத்தைத் தலை முழுக்கப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 25. டியூப் லைட்டுக்கு அடியில் நின்றால் மண்டை தெரியும். அதே இருப்பில் 2,800-ஐ முன்பக்கத்து 90 சதுர சென்டிமீட்டருக்கு மட்டும் வைத்தால் 31 வரும். எழுத்தில் பார்க்கும்போது 25-க்கும் 31-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தலையில் பார்த்தால் ஒன்று உதிர்ந்துகொண்டிருக்கும் தலை, இன்னொன்று நெற்றிக்கு மேலே முடி உள்ள முகம்.

எங்கே நடுவது?

பெரிய வழுக்கைக்கு மூன்று வழிகள் உண்டு. தலை முழுக்க மெல்லியதாக மூடலாம். முன்பக்கத்தையும் நடுத்தலையையும் மட்டும் மூடி உச்சியை விடலாம். அல்லது முன்தலை நடுவில் மட்டும் ஒரு தீவு போல வைத்து, பக்கவாட்டில் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு போகலாம்.

முதலாவதுதான் விளம்பரத்தில் வருவது. இது யாருக்குமே நடக்காது என்றில்லை. டோனர் மிக அடர்த்தி, முடி தடிமன், கொஞ்சம் சுருளல், மார்பு வரை இறங்கும் தாடி என்று எல்லாம் அமைந்தவருக்கு நடக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இயற்கையாகவே ஒரு சலுகையும் உண்டு. கருப்பு முடிக்கு அடியில் மாநிறமோ கருநிறமோ உள்ள மண்டை இருந்தால் இடைவெளி அவ்வளவாகக் கண்ணில் படாது. வெள்ளைத் தோலில் கருப்பு முடி வைப்பவரைவிட நமக்குக் குறைந்த கிராஃப்டில் நிறைவு தெரியும். ஆனால் தடிமன் பெரிய கணக்கு. மெல்லிய முடி உள்ளவருக்கு ஐயாயிரம் கிராஃப்ட் செய்யும் வேலையைத் தடித்த முடிக்காரர் மூவாயிரத்தில் முடித்துவிடுவார். உங்கள் முடி எந்த வகை என்று சொல்லாமல் எண்ணிக்கை மட்டும் சொல்பவர் உங்கள் பணப்பையைத்தான் அளந்திருக்கிறார்.

உச்சியை விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முன்பக்க முடி ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தாற்போல் சாயும், ஒரு முடி மூன்று முடியின் வேலையைச் செய்யும். உச்சியில் சுழி இருக்கிறது. அங்கே முடி நாலா பக்கமும் விரிந்து போகிறது, ஒன்றை ஒன்று மூடாது. எத்தனை கொட்டினாலும் விழுங்கும் இடம் அது. இன்னொன்று, உச்சிச் சொட்டை வயதோடு வெளிப்பக்கமாகப் பெருகும். இன்று நடுவில் நட்டுவிட்டால் பத்து வருடம் கழித்து நட்ட முடி தீவாக நிற்க, சுற்றிலும் வட்டமாக ஒரு புது வழுக்கை வரும். அந்த நேரம் டோனரில் ஒன்றும் மிச்சமில்லை என்றால் தொப்பிதான்.

அப்புறம், உச்சியை நாம் பார்ப்பதில்லை. பேசும் மனிதர்களும் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டில் பின்வரிசையிலிருந்து எடுத்த போட்டோவில் பார்த்தால்தான் உண்டு. நெற்றிக்கு மேலே ஒரு கோடு இருந்தால் முகத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி. என் கேள்விக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது.

மூன்றாவது வழி, தீவு, கேட்க விநோதமாக இருக்கும். ஏழாம் கட்டத்துக்குப் போனவருக்கும், டோனரில் இரண்டாயிரம், மூவாயிரம்தான் தேறும் என்பவருக்கும் அதுதான் மரியாதையான வழி. ஓரங்களைத் தேய்ந்தாற்போல் விடுவதால், இயற்கையாகவே பாதி வழுக்கை விழுந்த மனிதர் போலத் தெரியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எதைத் தேர்ந்தாலும் நெற்றிக்கோட்டில் ஆசைப்படக் கூடாது. கல்லூரி அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுபவர்கள் உண்டு, நானும் போனில் வைத்திருந்தேன். கோட்டை ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கினால் பதினைந்து சதுர சென்டிமீட்டர் கூடுகிறது, கிட்டத்தட்ட 500 கிராஃப்ட். என் மொத்தச் சொத்தில் பத்தில் ஒரு பங்கு. புருவ மத்தியிலிருந்து எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு ஏறுநெற்றியையும் அப்படியே விட்டு வரைந்தால் ஐம்பது வயது முகத்துக்குப் பொருந்துகிறது. எழுபதிலும் பொருந்தும்.

எப்படி எடுப்பது?

இரண்டே முறைதான். எஃப்.யூ.டி என்பது பின்தலையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலத்தில் நீளமாக ஒரு தோல் பட்டையை வெட்டி எடுத்து, தையல் போட்டு, அந்தப் பட்டையை நுண்ணோக்கியில் வைத்துக் கொத்துக் கொத்தாகப் பிரிப்பது. எஃப்.யூ.இ என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வட்டக் கத்தியால் ஒவ்வொரு கொத்தாகத் துளைத்து எடுப்பது. டி.எச்.ஐ, சஃபையர், பயோ என்று விளம்பரத்தில் வருகிற பெயர்களில் பெரும்பாலானவை இரண்டாவதின் மறுபெயர்கள்தான். நடும் பேனா மாறும், கத்தி மாறும், எடுக்கும் விதம் அதேதான்.

இன்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் எஃப்.யூ.இ என்பார்கள். தையல் இல்லை, நீளத் தழும்பு இல்லை, ஒட்ட வெட்டிக்கொள்ளலாம். முன்வழுக்கைக்கு இரண்டாயிரம் வேண்டும் என்ற இளைஞருக்கு நானும் அதையே சொல்வேன். பெரிய வழுக்கைக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. எஃப்.யூ.இ-யில் ஐயாயிரம் எடுப்பதென்றால் பின்தலை முழுக்கப் பரவலாகத் துளைக்க வேண்டும். அளவு மீறினால் டோனர் பூச்சி அரித்த கம்பளம் போல ஆகிவிடும். எண்ணிக்கைக்காகப் பட்டையின் மேல் விளிம்புக்கும் பிடரியின் கீழ் விளிம்புக்கும் போய்விடுவார்கள். அந்த விளிம்பு முடிகளுக்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது. ஏழாம் கட்டம் வந்தால் அங்கிருந்து நட்டதும் உதிரும், எடுத்த இடத்துப் புள்ளித் தழும்புகளும் வெளியே தெரியும்.

எஃப்.யூ.டி-யில் பட்டையின் நட்டநடுவிலிருந்து, அதாவது கடைசிவரை உதிராத இடத்திலிருந்து, எல்லாக் கொத்தையும் எடுக்கிறார்கள். மேலும் கீழும் உள்ள அடர்த்தி தொடப்படாமல் இருக்கிறது. ஒரு தடவையில் 2,500, 3,000 வரும். சில வருடம் கழித்து அதே தழும்பை உள்ளடக்கி இன்னொரு பட்டை எடுக்கலாம். கடைசியில் எஃப்.யூ.இ-யில் மிச்சத்தை எடுக்கலாம். வாழ்நாள் மொத்தத்தைக் கூட்டினால் இந்த வரிசைதான் அதிகம் தருகிறது. விலை ஒரு கோடு. நல்ல கையாக இருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் அகலத்தில், காதிலிருந்து காதுவரை. முடி இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் தெரியாது. பின்பக்கம் ஜீரோ மெஷின் போடுபவருக்கும், வருடாவருடம் பழனிக்கோ திருப்பதிக்கோ முடி காணிக்கை கொடுப்பவருக்கும் தெரியும். இந்த ஊரில் எஃப்.யூ.டி-யா எஃப்.யூ.இ-யா என்று கேட்கும் முன்பு "உங்களுக்கு வேண்டுதல் ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். (நட்ட முடியை மழிக்கலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். நன்றாக ஊன்றிய பிறகு தாராளமாக மழிக்கலாம், திரும்ப வளரும்.)

தாடி முடியைப் பற்றி இரண்டு வரி. தடிமனாக, ஒற்றை ஒற்றையாக இருக்கும், நல்ல விகிதத்தில் முளைக்கும். நடுத்தலையில் தலைமுடியோடு கலந்து வைத்தால் நிறைவு கூடும். நெற்றிக்கோட்டில் வைத்தால் பிரஷ் மாதிரி நிற்கும். தாடியைக் கையிருப்பின் கடைசிப் பெட்டியாக வைத்துக்கொள்வது நல்லது, முதல் நாளே உடைக்க வேண்டாம். மார்பு முடி முளைப்பது அதைவிட நிச்சயமற்றது, நான் அதை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

நடாமலே இருந்தால்?

இந்த வழியையும் தட்டில் வைத்துத்தான் நிறுத்துப் பார்த்தேன். சிலருக்கு இது வழி அல்ல, ஒரே வழி. பின்தலை முடியே கேமராவில் மெலிந்து தெரிந்தால், அதாவது வழுக்கைக்குரிய நோய் டோனரையும் பிடித்திருந்தால், நடுவதில் அர்த்தமில்லை. அது கண்ணுக்குத் தெரியாது, கேமராவில்தான் தெரியும். கேமரா வைக்காமல் பேசுகிற இடத்தை விட்டு எழுந்து வர இந்த ஒரு காரணம் போதும்.

மழித்துக்கொண்டு போவது இலவசம். தலை வடிவம் நன்றாக இருந்து, தாடியும் இருந்தால் கம்பீரம்தான். அதோடு மண்டையில் முடி வேர் போலப் புள்ளி குத்தும் பச்சைகுத்து ஒன்று இருக்கிறது, ஒட்ட வெட்டிய தலை போலத் தெரியும். சில வருடங்களில் மங்கும், மறுபடி குத்த வேண்டும். நட்ட பிறகு உச்சியில் மட்டும் இடைவெளியை மறைக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஹேர் பேட்ச், ஊர்ப் பாஷையில் டோப்பா, முதல் நாளிலேயே முழு அடர்த்தி தரும், எந்த அறுவையும் தராதது அது. ஆனால் மாதம் ஒருமுறை கழற்றி, கழுவி, ஒட்ட வேண்டும். கத்திரி வெயிலில் பசைக்கு அடியில் வேர்க்கும் தலையை என் நண்பர் ஒருவர் வர்ணித்த விதத்தில் எனக்கு அந்த ஆசை விட்டுப்போனது. அவரோ ஏழு வருடமாகச் சந்தோஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

மாத்திரையை யாரும் தனி வழியாக எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 1997-இல் வழுக்கைக்கு அனுமதி பெற்ற ஃபினஸ்டரைடு 1 மில்லிகிராம் பளபளக்கும் மண்டையில் முடி முளைக்க வைக்காது. இருப்பதைக் காக்கும், பாதி மெலிந்ததைத் தடிமனாக்கும். ஆறாம் கட்டத்தில் அதன் வேலை, ஏழுக்குப் போகாமல் பிடித்துவைப்பது. சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், அதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் பேசிவிட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ அளவை இது ஏறக்குறையப் பாதியாகக் காட்டும். மாத்திரை எடுப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லாவிட்டால் வரும் ஆபத்து வழுக்கையைவிடப் பெரியது.

இருபத்தைந்து வயதில் ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் தம்பிகளுக்கு மேலே சொன்ன எதுவும் இப்போது வேண்டாம். உங்கள் டோனர் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. ஒரு வருடமாவது மருந்தைப் பாருங்கள். பெண் பார்க்கிறார்கள் என்ற அவசரத்தில் போய் உட்காராதீர்கள். அந்த அவசரத்துக்கே இது உதவாது. நட்ட முடி முதல் மாதத்திலேயே வேரை உள்ளே விட்டுவிட்டு உதிர்ந்துவிடும், மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கத் தொடங்கும், முழு உருவம் தெரிய ஒரு வருடம் ஆகும். மூன்று மாதத்தில் முகூர்த்தம் என்றால் கல்யாண ஆல்பத்தில் இருக்கப்போவது முன்பைவிட மோசமான தலை.

இரண்டு நாளில் 6,500 என்ற முதல் இடத்துக்குத் திரும்ப வருகிறேன். அதை ஒதுக்கியதற்கு அடர்த்திக் கணக்கு மட்டும் காரணமல்ல. மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்துக்கு உடல் எடைக்கேற்ற உச்ச அளவு உண்டு. மணிக்கணக்கில் நீளும் அறுவையில் அது மீறப்படும் அபாயம் இருக்கிறது. 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நடப் போய் இறந்தார், நடந்த இடத்துக்கு அழகு நிலைய உரிமம்தான் இருந்தது. 2019-இல் மும்பையில் ஒரே அமர்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் கிராஃப்ட் வைத்துக்கொண்ட ஒருவர் இறந்தார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் இந்த அறுவைக்குப் பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டிய நிலை அதற்கு வந்தது. துளைப்பதும் கீறுவதும் யார் கை, மயக்க மருத்துவர் கடைசிவரை இருப்பாரா, அவசரம் என்றால் எந்த மருத்துவமனை என்று மூன்று கேள்வி கேட்டேன். முதல் இடத்தில் கிடைத்த பதில் "பத்து சதவீதம் டிஸ்கவுன்ட் தர்றோம் சார்".

இஸ்தான்புல் பேக்கேஜும் விசாரித்தேன். ஹோட்டல், கார், அறுவை எல்லாம் சேர்த்து இங்குள்ள நல்ல இடத்துக்குச் சமமாக வருகிறது. அங்கே தேர்ந்த கைகள் நிறைய உண்டு. எனக்குத் தேவைப்படுவது ஒருநாள் வேலை அல்ல, பத்து வருடத் திட்டம். இரண்டாம் அமர்வுக்கும் அதே மருத்துவரிடம் போக வேண்டும், தலையில் ஒரு கொப்புளம் வந்தால் பேருந்தில் போய்க் காட்ட வேண்டும். பணக் கணக்கில் ஒன்று: முடி நடுவதற்கு மருத்துவச் சேவைக்கான ஜி.எஸ்.டி விலக்கு இல்லை, சாதாரண மருத்துவக் காப்பீடும் தராது. கிராஃப்டுக்கு இவ்வளவு என்று சொன்னால் வரியோடா என்று கேளுங்கள். கிராஃப்ட் கணக்கில் காசு வாங்குமிடத்தில், எண்ணிக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள்.

நான் எடுத்த முடிவு எஃப்.யூ.டி. 2,800 கிராஃப்ட், முன்பக்கமும் நடுத்தலையில் பாதியும். உச்சி அப்படியே இருக்கட்டும். மாத்திரை தொடர்கிறது. மிச்சம் இரண்டாயிரத்துச் சொச்சமும் தாடியும் கையிருப்பில் இருக்கின்றன. தேதிதான் தள்ளிப்போயிருக்கிறது. மகளுக்கு வேலை கிடைத்தால் பழனியில் மொட்டை என்று வேண்டியிருந்தேன், கிடைத்துவிட்டது. தையலை மூடப் பின்தலையில் முடி வேண்டும் என்பதால், தை மாதம் மொட்டை, மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் ஆனியில் ஐந்து சென்டிமீட்டர், அதன் பிறகு அறுவை என்று மருத்துவரே கணக்குப் போட்டுக் கொடுத்தார். வீட்டில் இதைச் சொன்னேன். "அப்போ அடுத்த வேண்டுதலுக்குக் காவடின்னு வேண்டிக்கோங்க" என்றாள் மனைவி.